வட இங்கிலாந்தின் நகர அருங்காட்சியகங்களில் பண்டைய எகிப்து: முழுமையான வழிகாட்டி

பண்டைய எகிப்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கெய்ரோ, அது முடியாவிட்டால் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் என்றுதான் பெரும்பாலும் யோசிப்போம். இங்கிலாந்தின் வடமேற்கில் போல்டன் என்று ஒரு பஞ்சாலை நகரம் இருக்கிறது. அங்கே நூலகமும் மீன் காட்சியகமும் இருக்கும் அதே கட்டடத்தில் 10,000-க்கும் மேற்பட்ட எகிப்தியப் பொருட்கள் சேர்ந்து கிடக்கின்றன. பக்கத்து மான்செஸ்டரில் எகிப்து, சூடான் இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 18,000. லிவர்பூலில் இரண்டு அருங்காட்சியகங்கள், கடற்கரை ஊரான சவுத்போர்ட்டில் ஒன்று. மூன்று நான்கு நாள் ஒதுக்கினால் ரயிலிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

இவற்றைத் தேடிப்போகச் சொல்வதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. தலைநகரங்களின் பெரிய அருங்காட்சியகங்களில் அரசர்கள்தான் நிறைய. சிறிய நகரங்களுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் சாதாரண மக்களின் பொருட்கள்: செங்கல் அச்சு, பம்பரம், கிழிந்த துணி, குழந்தையின் பந்து. அவற்றில் பலவற்றுக்கு எந்த ஊரில், எந்தக் கல்லறையில், எந்த ஆண்டு கிடைத்தது என்ற பதிவும் கூடவே இருக்கிறது. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு போகக் கற்றுக்கொண்டால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பானை ஓடுகூடப் பேச ஆரம்பிக்கும்.

படி 1: இவை ஏன் இங்கே வந்தன என்று தெரிந்துகொண்டு போங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளே நுழைந்தால் பாதிக் கதை கைநழுவிப் போகும்.

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து வரும் பஞ்சு நின்றுபோனது. போல்டன் அடங்கிய அன்றைய லங்காஷயர் மாவட்டத்தின் ஆலைகள் மூடிக்கிடந்தன, தொழிலாளர்கள் பட்டினி கிடந்தார்கள். அந்த இடைவெளியில் எகிப்தில் பருத்திச் சாகுபடி வேகமாக விரிந்தது. எகிப்தின் நீண்ட இழைப் பருத்தி மெல்லிய நூல் நூற்பதற்கு ஏற்றது. போல்டன் ஆலைகளின் சிறப்பே மெல்லிய நூல்தான். ஆக, போல்டன் முதலாளிகளுக்கு எகிப்து தொழிலோடு ஒட்டிய நாடாக இருந்தது.

1873-74 குளிர்காலத்தில் அமேலியா எட்வர்ட்ஸ் என்ற நாவலாசிரியர் நைல் நதியில் படகில் பயணம் செய்தார். நினைவுச்சின்னங்கள் உடைத்தும் திருடியும் அழிக்கப்படுவதைப் பார்த்துக் கொதித்துப்போய், ஊர் திரும்பியதும் எழுதினார், பேசினார், பணம் திரட்டினார். 1882-இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து எகிப்து அகழாய்வு நிதியத்தைத் தொடங்கினார்கள். அதே 1882-இல்தான் பிரிட்டிஷ் படை எகிப்தைக் கைப்பற்றியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. அகழாய்வாளர்களுக்கு அங்கே கிடைத்த வசதிகளுக்கும் அந்தப் படைக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

நிதியம் இயங்கிய முறை எளிமையானது. ஊர் ஊராகச் சந்தாதாரர்கள் பணம் கொடுப்பார்கள், அதைக் கொண்டு எகிப்தில் தோண்டுவார்கள். கிடைத்தவற்றில் கெய்ரோ அருங்காட்சியகம் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சத்தை வெளியே கொண்டுபோக அனுமதி தரும். அந்த மிச்சம் பணம் கொடுத்த ஊர்களின் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும். போல்டனில் ஆலை முதலாளி ஒருவரின் மகளான ஆனி பார்லோ உள்ளூர்க் கௌரவச் செயலராக இருந்து சந்தா வசூலித்தார். மான்செஸ்டரில் ஜெஸ்ஸி ஹாவொர்த் என்ற பருத்தி நூல் வணிகர், எட்வர்ட்ஸின் பயணப் புத்தகத்தைப் படித்து ஈர்க்கப்பட்டு, ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற அகழாய்வாளருக்குப் பண உதவி செய்தார். தன் பங்காக வந்த பொருட்களை 1890 முதல் மான்செஸ்டர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எகிப்துக்காக 1912-இல் அங்கே புதிய கட்டடம் எழும்பியதும் அவர் கொடையால்தான்.

இந்தப் பங்கீடு போகப்போகச் சுருங்கியது. 1983-இல் எகிப்து கொண்டுவந்த 117-ஆம் எண் சட்டம் அதை முடிவுக்குக் கொண்டுவந்தது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மண்ணை வெட்டியதும் பொருளை முதலில் கையில் எடுத்ததும் எகிப்தியத் தொழிலாளர்கள். குஃப்ட் ஊர்க்காரர்கள் இந்த வேலையில் பரம்பரைத் தேர்ச்சி பெற்றவர்கள். லாஹூனைச் சேர்ந்த அலி சூஃபி பெட்ரியின் வலது கையாக இருந்தவர். விளக்கப் பலகைகளில் இவர்கள் பெயர் வருவது அபூர்வம். "கண்டெடுத்தவர் பெட்ரி" என்று படிக்கும்போதெல்லாம், பின்னால் ஒரு பெரிய குழு நின்றிருந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

படி 2: எங்கே போவது, எந்த வரிசையில்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் மான்செஸ்டர் போங்கள். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்த அருங்காட்சியகம் பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் மறுபடி திறந்தது. இங்கே தவறவிடக் கூடாதது, பிரமிடு கட்டியவர்கள் வாழ்ந்த காஹுன் குடியிருப்பின் பொருட்கள்.

மறுநாள் போல்டன். மான்செஸ்டரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்தான். எகிப்துக் கூடங்கள் 2018-இல் புதிதாக அமைக்கப்பட்டன. பார்வோன் மூன்றாம் துட்மோஸின் கல்லறை அறையை உள்ளே நடந்து பார்க்கும்படி உருவாக்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது பிடிக்கும். என் கண்ணுக்கு அதைவிட மேலானவை இங்குள்ள துணிகள். காரணம் பின்னால் வருகிறது.

மூன்றாவது லிவர்பூல். ஜோசப் மேயர் என்ற பொற்கொல்லர் 1852-இல் இங்கே ஒரு எகிப்திய அருங்காட்சியகம் திறந்தார். 1867-இல் தன் சேகரிப்பை நகரத்துக்கே கொடுத்துவிட்டார். இப்போது அது வேர்ல்ட் மியூசியத்தில் இருக்கிறது. 1941 மே மாதம் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் எரிந்தது. பாதுகாப்பான இடங்களுக்கு எடுத்துப்போகாமல் விட்டவை அழிந்தன. அங்கே நிற்கும்போது எகிப்தில் தப்பித்து இங்கிலாந்தில் அழிந்த பொருட்களும் உண்டு என்பது நினைவில் இருக்கட்டும். லிவர்பூல் பல்கலைக்கழகத்துக்குள் கார்ஸ்டாங் அருங்காட்சியகம் தனியாக இருக்கிறது. ஜான் கார்ஸ்டாங் 1902 முதல் 1904 வரை பெனி ஹசனில் 888 கல்லறைகளைத் திறந்து பதிவு செய்தவர். சிறிய இடம், திறந்திருக்கும் நாட்களும் குறைவு. இணையத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

லிவர்பூலிலிருந்து முக்கால் மணி நேர ரயில் பயணத்தில் சவுத்போர்ட். அங்குள்ள அட்கின்சனில் ஆன் குடிசன் சேகரித்த ஆயிரம் பொருட்கள் அளவிலான தொகுப்பு இருக்கிறது. 1880-களிலும் 1890-களின் தொடக்கத்திலும் எகிப்துக்குப் போய், சித்திர எழுத்தும் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு செய்தி: எவர்ட்டன் ஆண்கள் அணி 2025 வரை ஆடிய குடிசன் பார்க் மைதானத்தின் பெயர் அவர் கணவரான பொறியாளர் ஜார்ஜ் குடிசனிடமிருந்து வந்தது. ஆன் குடிசனின் பொருட்களை லிவர்பூலுக்குப் பக்கத்தில் உள்ள பூட்டில் (Bootle) என்ற நகரம் வாங்கியது. அங்கிருந்த அருங்காட்சியகம் 1970-களில் மூடப்பட்டது. நாற்பது ஆண்டு கிடங்கில் கிடந்த பொருட்கள் 2014-இல்தான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

இன்னும் தூரம் போகத் தயார் என்றால் நியூகாசில், டர்ஹம், ஸ்காட்லாந்தின் பெர்த், வேல்ஸில் ஸ்வான்சி. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் எகிப்து மையத்தில் இருப்பவை பெரும்பாலும் மருந்து வணிகர் ஹென்றி வெல்கம் சேர்த்து வைத்தவை. 1971-இல் அங்கே போய்ச் சேர்ந்தன.

படி 3: புறப்படுவதற்கு முன்

இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டத்தில் பண்டைய எகிப்து ஒரு தேர்வுப் பாடம். சிந்து சமவெளியும் அதே பட்டியலில் இருக்கிறது, ஆனால் மம்மிக்கு இருக்கும் கவர்ச்சி அதற்கு இல்லை. இதனால் பள்ளி நாட்களின் காலை நேரங்களில் எகிப்துக் கூடம் சந்தைக்கடை ஆகிவிடும். வார நாள் மதியம் இரண்டு மணிக்குப் பிறகு போனால் கூடமே உங்களுடையது. நான்கு நகரங்களின் பொது அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வார விடுமுறை நாள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும்.

முன்தினம் இரவு அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து, பிடித்த நான்கைந்து பொருட்களின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற நினைப்பைக் கைவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் இருநூறு பொருளைக் கடந்து போவதைவிட எட்டுப் பொருளை நின்று பார்ப்பது எவ்வளவோ மேல்.

கையோடு ஒரு பென்சில், சிறிய நோட்டு, கைபேசி. ஃபிளாஷ் போடக் கூடாது. துணியும் பாப்பிரஸும் இருக்கும் பெட்டிகளை 50 லக்ஸ் அளவு மங்கலான வெளிச்சத்தில்தான் வைத்திருப்பார்கள், அதிக ஒளி பட்டால் சாயமும் நாரும் போய்விடும் என்பதால். உள்ளே போனதும் எதுவும் தெரியவில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் நின்றால் கண் பழகி, நெசவின் இழைகூடத் தெரியும்.

படி 4: பொருளுக்கு முன், அதன் சீட்டைப் படியுங்கள்

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் இருக்கும் சிறிய சீட்டில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: என்ன பொருள், எந்தக் காலம், எந்த ஊர், எப்படி வந்தது, பதிவு எண். இதில் மூன்றாவதும் நான்காவதும்தான் முக்கியம்.

அபிடோஸ், எகிப்து அகழாய்வு நிதியம், 1902 என்கிற மாதிரி எழுதியிருந்தால் அது தோண்டி எடுக்கப்பட்டது, பதிவு இருக்கிறது, தொடர்ந்து தேடலாம். இன்னார் அன்பளிப்பு, எகிப்து என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் சந்தையில் வாங்கியது. அப்படி வந்த பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பிறந்த ஊர் தொலைந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

அப்புறம், பொருளின் மேலேயே பாருங்கள். பானையின் கழுத்துக்கருகில் அல்லது அடியில் கறுப்பு மையில் ஒரு எழுத்தும் சில எண்களும் இருக்கும். தோண்டிய அன்று, தோண்டிய இடத்திலேயே எழுதிய குறி அது, கல்லறை எண். பலர் அதைக் கறை என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். உண்மையில் அந்தப் பானையின் மேல் இருப்பவற்றில் அதிகம் சொல்லக்கூடியது அதுதான். படம் எடுத்துக்கொள்ளுங்கள், படி 8-இல் வேண்டும்.

எல்லா ஊரிலும் கண்ணில் படும் ஒரு வகைப் பானை: உடல் செம்மண் நிறம், வாய்ப்பகுதி மட்டும் பளபளக்கும் கறுப்பு. கீழடி, ஆதிச்சநல்லூர்ப் பானைகளைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று பழகிய முகம்போலத் தோன்றும். காலமும் இடமும் முற்றிலும் வேறு. இவை பார்வோன்கள் வருவதற்கு முந்தையவை, கி.மு. நான்காம் ஆயிரத்தைச் சேர்ந்தவை, சக்கரம் இல்லாமல் கையாலேயே வனைந்தவை. இந்தக் காலத்துப் பானைகளின் வடிவம் படிப்படியாக மாறுவதை வைத்துத்தான் பெட்ரி, எழுத்தே இல்லாத கல்லறைகளை முன்பின்னாக வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்.

படி 5: ஒரு ஷப்தியோடு இருபது நிமிடம்

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் பயிற்சி இது. எந்த ஊரிலும் ஷப்தி இல்லாமல் இருக்காது. விரல் நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை, மம்மி வடிவத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் சிறு உருவங்கள். மறுமையில் வயலில் வேலை செய்ய அழைப்பு வந்தால், இறந்தவருக்குப் பதிலாக "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து போக வேண்டியவை இவை. பிற்காலத்தில் ஒருவருக்கு 401 ஷப்திகள் வைப்பது வழக்கமானது: ஆண்டின் 365 நாளில் நாளுக்கு ஒன்று, பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி என்று 36.

முதலில் நிறம். பளிச்சென்ற நீலம் அல்லது பச்சை கலந்த நீலம் என்றால் அது ஃபயான்ஸ். களிமண் அல்ல. படிகக்கல்லை இடித்துத் தூளாக்கி, சுண்ணாம்பும் காரமும் சேர்த்துப் பிசைந்து, செம்பு கலந்து சுடுவார்கள். சுடும்போது மேலே கண்ணாடிப் பூச்சு உருவாகும். 21-ஆம் அரச மரபுக் காலத்து ஷப்திகளின் நீலம் மூவாயிரம் ஆண்டு கழிந்தும் ஈரம் காயாததுபோல இருக்கும்.

அடுத்து கைகள். மண்வெட்டி, கொத்து இரண்டும் பிடித்திருக்கும். பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்க்க முடிந்தால், முதுகில் ஒரு சின்ன விதைப் பை தொங்கும். கையில் சாட்டை இருந்தால் அவர்தான் மேஸ்திரி.

இனி எழுத்து. பறவை, மனிதர், விலங்கு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வரி தொடங்குகிறது. ஒரு கண்ணும் ஒரு சிம்மாசனமும் சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள், அது மறுமையின் கடவுளான ஒசிரிஸ். இறந்தவர்கள் எல்லோரும் ஒசிரிஸ் என்ற அடைமொழியோடுதான் அழைக்கப்படுவார்கள். ஆகவே அதற்கு அடுத்து வருவது பட்டமும் பெயரும். துடுப்பு போன்ற குறி வந்தால், "சொல்லில் உண்மையானவர்" என்று தீர்ப்புப் பெற்றவர் என்ற முடிவு. கண், சிம்மாசனத்துக்கும் துடுப்புக்கும் நடுவில் ஒரு மனிதரின் பெயர் நிற்கிறது. காலத்தால் பிந்திய ஷப்திகளில், மூன்று தோல்களை ஒன்றாகக் கட்டியதுபோன்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது "பிறந்தவர்" என்று பொருள்படும், பின்னால் வருவது பெரும்பாலும் தாயின் பெயர். ஒரு எழுத்தும் உச்சரிக்கத் தெரியாவிட்டாலும் இன்னாள் பெற்ற இன்னார் என்ற அமைப்பு உங்கள் கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

படி 6: வீட்டுச் சாமானும் துணியும்

இப்போது காஹுன். பார்வோன் இரண்டாம் செனுஸ்ரெத் கி.மு. 1880 வாக்கில் லாஹூனில் பிரமிடு கட்டியபோது, வேலைக்காரர்களுக்கும் பூசாரிகளுக்கும் எழுந்த ஊர் இது. 1880-களின் முடிவில் பெட்ரி இதைத் தோண்டினார். மற்ற அகழாய்வாளர்கள் கோவிலையும் கல்லறையையும் தேடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வீடுகளுக்குள் போனார்.

மான்செஸ்டரில் அந்த வீடுகளின் உள்பக்கம் இருக்கிறது. செங்கல் அறுக்கும் மர அச்சு, சுவர் பூசும் மட்டப்பலகை, சக்கிமுக்கிக் கல் சில்லுகளைப் பல்லாகப் பதித்த மர அரிவாள், தீக்கடையும் கோல், பம்பரங்கள், தோல் பந்து. பூச்சு மட்டப்பலகையை நெருங்கிப் பாருங்கள். இன்றைக்கு ஒரு கொத்தனார் கையில் இருப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. பிடி இருக்கும் இடமும் அதேதான். தங்க முகமூடியின் முன்னால் நமக்கு வருவது வியப்பு. இந்தப் பலகையின் முன்னால் வருவது வேறு: இந்த ஆளை நமக்குத் தெரியும் என்ற உணர்வு.

துணிகளுக்குப் போல்டன். பார்வோன்கள் காலத்து எகிப்தியர் பருத்தி உடுத்தவில்லை, ஆளிச் செடியின் நாரில் நெய்த லினன்தான் உடுத்தினார்கள். நூலைப் பற்றி எல்லாம் தெரிந்த ஊராக இருந்ததால் போல்டன் காப்பாட்சியர்கள் வில்லியம் மிட்ஜ்லியும் மகன் தாமஸும் பழந்துணி ஆய்வில் இறங்கினார்கள். அகழாய்வாளர்கள் துணி கிடைத்தால் அவர்களுக்கு அனுப்பினார்கள். வேறு ஊராக இருந்தால் கந்தல் என்று ஒதுக்கியிருக்கும். ஆலைக்காரர் ஊரின் கைத்தேர்ச்சி அந்தக் கந்தல்களைக் காப்பாற்றியது. துணியின் ஓரத்தைப் பாருங்கள்: கரை, குஞ்சம், சில நேரம் மையில் எழுதிய சிறு குறி. தையல் போட்டுச் சரிசெய்த இடம் கிடைத்தால் அதை அவசியம் நின்று பாருங்கள். உடைகளைக் கிழிந்த பிறகும் உடுத்தி, கடைசியில் உடலைச் சுற்றவும் பயன்படுத்தினார்கள்.

லிவர்பூல் சேகரிப்பில் இருக்கும் ராமெசெஸ் அரைக்கச்சை இதே தொழிலின் உச்சம். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம், வண்ண நூல்களாலேயே வடிவங்கள், ஊசிவேலை கிடையாது, எல்லாம் தறியில் நெய்தது.

படி 7: மம்மியின் முன்னால்

கண்ணாடிக்குள் இருப்பது ஒரு மனிதரின் உடல். அருங்காட்சியகங்களே இப்போது மம்மி என்பதற்குப் பதிலாக "பதப்படுத்தப்பட்ட மனிதர்" என்று எழுதத் தொடங்கியிருக்கின்றன. மான்செஸ்டர் 2008-இல் உடல்களைத் துணியால் மூடி வைத்தது. பார்வையாளர்கள் எதிர்த்ததால் திறந்தது. காட்டலாமா கூடாதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. என் கருத்து: பெயர் தெரிந்தால் பெயரைச் சொல்லுங்கள், படம் எடுக்காதீர்கள், குழந்தைகளிடம் பயமுறுத்திக் கதை சொல்லாதீர்கள். பார்க்க விருப்பமில்லாதவர்கள் சவப்பெட்டியின் ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதில் எந்தக் குறையும் இல்லை.

இரு சகோதரர்கள் என்று மான்செஸ்டரில் புகழ்பெற்ற க்னும்-நக்த், நக்த்-அங்க் இருவரின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 12-ஆம் அரச மரபுக் காலத்தவர்கள். 1907-இல் ரிஃபே என்ற இடத்தில் இவர்கள் கல்லறை கலையாமல் கிடைத்தது. 1908 மே 6 அன்று எகிப்தியல் அறிஞர் மார்கரெட் மர்ரே தலைமையில், 500 பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவரின் கட்டுகள் பிரிக்கப்பட்டன. துணித்துண்டு வேண்டுபவர்கள் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லப்பட்டது. இருவரும் உருவத்தில் ஒத்துப்போகவில்லை, உண்மையில் சகோதரர்கள்தானா என்ற சந்தேகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. சவப்பெட்டியில் இருவருக்கும் க்னும்-ஆ என்ற ஒரே தாயின் பெயர்தான் எழுதியிருந்தது. 2018-இல் பற்களிலிருந்து எடுத்த மரபணு ஆய்வு முடிவு வெளியானது: தாய் ஒருவர்தான், தந்தையர் பெரும்பாலும் வெவ்வேறு. எழுதி வைத்தவர்கள் சொன்னது சரியாக இருந்தது.

படி 8: ஒரு கல்லறையை மறுபடி ஒன்றுசேர்ப்பது

பங்கீட்டின் பெரிய கேடு, ஒரே கல்லறையின் பொருட்கள் ஊருக்கு ஒன்றாகச் சிதறிப்போனது. பானை போல்டனில், மணிமாலை லிவர்பூலில், கத்தி வேறொரு கண்டத்தில் இருக்கலாம். பதிவேடுகள் தப்பிப் பிழைத்திருப்பதால் வீட்டிலிருந்தே நீங்கள் தேடலாம்.

படி 4-இல் எடுத்த மைக் குறியை வைத்துத் தொடங்குங்கள். ஆர்ட்டிஃபேக்ட்ஸ் ஆஃப் எக்ஸ்கவேஷன் என்ற இணையதளத்தில் 1880 முதல் 1980 வரை பிரிட்டிஷ் அகழாய்வுகளில் கிடைத்தவை எந்த எந்த ஊருக்குப் போயின என்ற பட்டியலும், அகழாய்வு இடம் வாரியாக எந்தக் குறி எந்தத் தளத்தைக் குறிக்கும் என்ற விளக்கமும் இருக்கின்றன. தளமும் ஆண்டும் தெரிந்ததும் அந்த ஆண்டின் அகழாய்வு அறிக்கையைத் தேடுங்கள். பெட்ரியின் பழைய அறிக்கைகளை ஹைடல்பெர்க் பல்கலைக்கழகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இலவசமாக வைத்திருக்கின்றன. பின்பக்கப் படத்தாள்களில் கல்லறை எண் வாரியாகக் கோட்டோவியங்கள் வரும். உங்கள் பானையின் ஓவியத்தையே அங்கே பார்க்க வாய்ப்பு உண்டு. அப்புறம் லண்டன் பெட்ரி அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் அதே தளத்தையும் கல்லறை எண்ணையும் போட்டுப் பாருங்கள், உடன்பிறந்தவை வந்து நிற்கும்.

கிடங்கில் இருப்பதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் காப்பாட்சியருக்கு எழுதலாம். பதிவு எண்கள், எதற்காகப் பார்க்கிறீர்கள், எந்த நாட்கள் தோதுப்படும், இவ்வளவு போதும். சில வாரம் முன்கூட்டி எழுதுங்கள். "எல்லா எகிப்தியப் பொருளும்" என்று கேட்டால் பதில் வருவது சந்தேகம்; "இந்த மூன்று எண்கள்" என்று கேட்டால் வேலையாட்கள் குறைந்த இடத்தில்கூட உதவுவார்கள்.

படி 9: போலியும் விற்பனையும்

எப்படி வந்தது என்ற கேள்வியை விடாமல் கேட்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் காரணம்.

2003-இல் போல்டன், அமர்னா இளவரசி என்று சொல்லப்பட்ட 52 செ.மீ. உயரச் சிலையை ஏறத்தாழ 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. நிபுணர்கள் சரி என்றார்கள். 1892-ஆம் ஆண்டு ஏலம் ஒன்றில் குடும்பத்தார் வாங்கியது என்று பழைய பட்டியலையும் விற்றவர்கள் காட்டினார்கள். சிலையைச் செதுக்கியவர் அதே போல்டனில் வாழ்ந்த ஷான் கிரீன்ஹால். அந்தக் குடும்பம் பிரிட்டிஷ் மியூசியத்திடம் கொண்டுபோன அசீரியப் புடைப்புச் சிற்பங்களில் ஆப்பெழுத்துப் பிழை இருந்ததால் குட்டு உடைந்தது. 2007-இல் அவருக்கு 4 ஆண்டு 8 மாதச் சிறை. பட்டியல் உண்மையான பழைய பட்டியல்தான். ஆனால் அதில் இருந்த வரியையும் அந்தச் சிலையையும் இணைக்கும் சான்று எதுவும் இல்லை. அகழாய்வுக் குறியுள்ள ஒரு சாதாரணப் பானை ஓட்டுக்கு இருக்கும் உறுதி, அந்த அழகிய சிலைக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி இன்னும் வலிப்பது. நார்தாம்ப்டன் நகரம் தன் அருங்காட்சியகத்திலிருந்த செக்கெம்கா சிலையை 2014-இல் ஏலத்தில் விற்றது. 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. எகிப்து எதிர்த்தது, உள்ளூர் மக்கள் எதிர்த்தார்கள், அருங்காட்சியகம் தன் அங்கீகாரத்தையே இழந்தது. நாலாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான அந்த எழுத்தரும் மனைவியும் தனியார் கைக்குப் போய்விட்டார்கள். சிறு நகரங்களின் சேகரிப்புகள் நாம் போய்ப் பார்த்தால்தான் நிலைக்கும். பார்வையாளர் புத்தகத்தில் பெயரும் இரண்டு வரியும் எழுதுங்கள்; நிதி கேட்கும்போது அவர்கள் அதைத்தான் காட்டுவார்கள்.

இங்கிலாந்து போக முடியாதவர்களுக்கு

இதே படிகளை இந்தியாவிலும் செய்து பார்க்கலாம். ஐதராபாத்தில் தெலங்கானா மாநில அருங்காட்சியகத்திலும், கொல்கத்தா இந்தியன் மியூசியத்திலும், ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலிலும் எகிப்தியர் உடல்கள் இருக்கின்றன. ஐதராபாத்தில் இருப்பவர் நிஜாம் குடும்பம் விலைக்கு வாங்கியதன் வழியே வந்தவர். ஒரு பார்வோனின் மகள் என்று சொல்கிறார்கள். எந்தக் கல்லறை, தோண்டியது யார் என்று படி 4-இன் கேள்விகளோடு அந்தச் சீட்டை வாசியுங்கள்.

ஜெய்ப்பூரில் இருக்கும் துது என்ற பெண் அக்மிம் ஊர்க்காரர். 1880-களில் அக்மிம் இடுகாடுகள் திறக்கப்பட்டபோது அங்கிருந்து ஏராளமான உடல்கள் உலகெங்கும் போயின. 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் பெருமழை பெய்து ஆல்பர்ட் ஹாலுக்குள் வெள்ளம் வந்தபோது, ஊழியர்கள் கண்ணாடிப் பெட்டியை உடைத்து அவரை வெளியே எடுத்துக் காப்பாற்றினார்கள். அதே 2020-இல் ஸ்காட்லாந்தின் பெர்த்தில் தா-கர்-ஹெப் என்ற பெண்ணின் உடலைப் பராமரிப்புக்காகச் சவப்பெட்டியிலிருந்து தூக்கியபோது, அடிப்பலகையில் மேற்குத் திசையின் தெய்வமான இமென்டெட்டின் ஓவியம் இருந்தது தெரியவந்தது. அவரும் அக்மிம் ஊர்க்காரர்தான், துதுவுக்குச் சில நூற்றாண்டு மூத்தவர்.